ஊட்டிக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் தகைவிலான் எது?

சிட்னியிலோ மெல்பர்னிலோ சில ஆண்டுகள் குடியிருந்தவர்களுக்கு வெல்கம் ஸ்வாலோவைத் தெரியாமல் இருக்காது. படகுத்துறையின் அடிப்பலகை, பாலத்தின் உள்விளிம்பு, கடை வளாகத்தின் கார் நிறுத்துமிடம் என்று கிடைத்த இடத்தில் சேற்றுக் கிண்ணம் கட்டிக் குடித்தனம் நடத்தும் பறவை அது. நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம், முதுகு கருநீலம், வால் கவட்டை. அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு டிசம்பர் விடுமுறைக்கு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ நுவரெலியாவுக்கோ போகிறவர், மின்கம்பியில் அதே சாயலில் ஒன்றைக் கண்டதும் "இது நம்ம சிட்னி ஸ்வாலோதானே" என்கிறார். கூட வந்த உறவினருக்குக் கொஞ்சம் பறவை தெரியும். "இல்லை, பனிக்காலத்துக்கு வடக்கேயிருந்து வர்ற தகைவிலான்" என்கிறார் அவர். முதலாமவர் சொன்னது நிச்சயமாகத் தவறு. இரண்டாமவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஏனென்றால் அந்தக் கம்பியில் மூன்றாவது ஒரு பறவைக்கும் இடமுண்டு. ஆண்டு முழுவதும் அந்த மலையிலேயே வாழ்ந்து, அங்கேயே குஞ்சு பொரிக்கும் மலைத் தகைவிலான் அது.

சுமார் 13 செ.மீ. நீளம்தான். தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. விலங்கியல் பெயர் ஹிருண்டோ டொமிக்கோலா. இவ்வளவு நமக்கே உரிய பறவையைப் பறவைப் பட்டியல்களில் இவ்வளவு அலட்சியமாகக் குறிப்பது ஏன் என்பது என் நெடுநாள் ஆதங்கம். காரணம் ஓரளவு பறவையிடமே இருக்கிறது. அதற்கென்று தனியாகப் பளிச்சிடும் அடையாளம் எதுவும் கிடையாது. மற்றவற்றில் இருப்பது இதில் இல்லை என்பதை வைத்தே இதை அடையாளம் காண வேண்டியிருக்கிறது. மீதிக் காரணம் பெயர் வைத்தவர்களின் கதை.

அந்தக் கதை ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு கண்டங்களில் தொடங்குகிறது. சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், நீலகிரியில் கண்ட தகைவிலானை 1841இல் புதிய இனமாக விவரித்தார். அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியப் பறவைகளைப் பற்றிய தம் பெருநூலில் ஜான் கூல்டு, வெல்கம் ஸ்வாலோவுக்கு ஹிருண்டோ நியோக்சீனா என்று பெயரிட்டார். இருவருக்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1789இல், தாகித்தித் தீவிலிருந்து கிடைத்த கரிய வயிற்றுத் தகைவிலான் ஒன்றுக்கு இயற்கையியலாளர் க்மெலின் சூட்டிய ஹிருண்டோ தாகிட்டிகா என்ற பெயர் புழக்கத்தில் இருந்தது. தாகித்தி, ஜாவா, நியூகினி, நீலகிரி, ஆஸ்திரேலியா என்று எங்கு பார்த்தாலும் செந்தொண்டையும் கருநீல முதுகுமாக ஒரே அச்சில் வார்த்த பறவைகள். ஒரே இனமா, பல இனங்களா?

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்குச் 'சேர்த்துக்கட்டு' என்பதே விடையாக இருந்தது. பெயர்களில் மூத்தது தாகித்திப் பெயர் என்பதால் எல்லாம் அதன்கீழ் போயின. நீலகிரிப் பறவை பசிபிக் தகைவிலானின் ஒரு துணையினம் ஆயிற்று. சாலிம் அலியும் தில்லன் ரிப்ளியும் எழுதி 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வந்த இந்திய-பாகிஸ்தான் பறவைக் கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. வெல்கம் ஸ்வாலோவையும் அதே மூட்டையில் கட்டியவர்கள் உண்டு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஊட்டியில் நின்று "நம்ம சிட்னி ஸ்வாலோ" என்றவரைக் குறை சொல்லவே முடியாது!

2005இல் பமேலா ராஸ்முசென், ஜான் ஆண்டர்டன் இருவரும் வெளியிட்ட தெற்காசியப் பறவை நூல் இந்த மூட்டையை அவிழ்த்தது. நீலகிரி-இலங்கைப் பறவை மீண்டும் ஜெர்டனின் பெயரோடு தனி இனமானது. இன்று இணையப் பறவைப் பதிவுத் தளமான இ-பேர்ட் உள்ளிட்டவற்றின் பெரிய பட்டியல்கள் இதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வெல்கம் ஸ்வாலோவும் தனி இனம். பழைய நூல்களில் 'நீலகிரி வீட்டுத் தகைவிலான்' என்றும், பிறகு 'பசிபிக் தகைவிலான்' என்றும், இப்போது 'மலைத் தகைவிலான்' என்றும் வருவது ஒரே பறவைதான். பழைய குறிப்புகளைத் தேடுபவர் மூன்று பெயரிலும் தேட வேண்டும். அந்தமானில் இருப்பது இன்றும் பசிபிக் தகைவிலான்தான். அதாவது இந்திய எல்லைக்குள்ளேயே இரண்டும் உண்டு, ஆனால் ஒன்றாக அல்ல.

ஆஸ்திரேலியத் தமிழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதரும் இந்தக் கதையின் ஓரத்தில் நிற்கிறார். டாஸ்மேனியாவில் பிறந்த வின்சென்ட் லெக், பீரங்கிப் படை அதிகாரியாக இலங்கையில் பணிபுரிந்தபோது அத்தீவின் பறவைகள் அத்தனையையும் தேடி எழுதினார். 1878 முதல் 1880 வரை வெளிவந்த அவருடைய இலங்கைப் பறவை வரலாறு இன்றும் அடிப்படை நூல். பிறகு டாஸ்மேனியா திரும்பியவர், 1901இல் ஆஸ்திரலேசியப் பறவையியலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். மெல்பர்னைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இன்றைய பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா அந்தச் சங்கத்தின் வாரிசுதான். இலங்கை மலைநாட்டையும் ஆஸ்திரேலியாவையும் ஒரே கண்ணால் பார்த்தவர்கள் நமக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

இனி கம்பிக்கு வருவோம். மலைத் தகைவிலானோடு முட்டிமோதும் பறவை, ஆங்கிலத்தில் பார்ன் ஸ்வாலோ எனப்படுவது. தமிழ்ப் பறவை நூல்களில் அதற்கு வெறுமனே தகைவிலான் என்றுதான் பெயர். குழப்பம் வராதிருக்க இங்கே அதை வலசைத் தகைவிலான் என்று அழைக்கிறேன். இமயத்திலும் அதற்கு வடக்கிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஆகஸ்ட்-செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்து, ஏப்ரல்-மே வாக்கில் திரும்பிப் போவது. வயல்வெளிகளில் ஆயிரக்கணக்கில் காணப்படும். மலைக்கும் ஏறும்.

இரண்டும் அருகருகே அமர்ந்திருந்தால் முதலில் மார்பைப் பாருங்கள். வலசைத் தகைவிலானின் செந்தொண்டைக்குக் கீழே கருநீலப் பட்டை ஒன்று குறுக்கே ஓடும். அந்தப் பட்டைக்குக் கீழே வயிறு வெளேரென்றோ பாலேடு நிறத்திலோ இருக்கும். மலைத் தகைவிலானுக்குப் பட்டையே கிடையாது. தொண்டையின் சிவப்பு மார்பின் மேற்பகுதி வரை இறங்கி, அப்படியே அழுக்குச் சாம்பல் வயிற்றில் கரைந்துவிடும். சற்று நெருங்கி, கீழிருந்து பார்க்க வாய்த்தால் வாலடி இறகுகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் கருத்த நடுவும் வெளிறிய விளிம்புமாக, செதில் அடுக்கியதுபோல் தெரியும். வலசைக்காரருக்கு அந்த இடம் வெளிறியே இருக்கும். என்னைக் கேட்டால் இந்தச் செதில் அடுக்குதான் மிக நம்பகமான குறி. ஆனால் பெரும்பாலானோர் எடுக்கும் படங்கள் பறவையின் முகத்தைப் பிடிப்பதிலேயே குறியாக இருப்பதால், இது படத்தில் விழுவதே இல்லை.

மூன்றாவது, வால். பாடநூல் படங்களில் வலசைத் தகைவிலானுக்கு இரு புறமும் நீண்ட வால் ஊசிகள் இருக்கும். மலைத் தகைவிலானுக்கு வால் குட்டை, கவட்டை மேலோட்டம், ஊசி இல்லை. இதைப் படித்துவிட்டு "ஊசி இல்லை, ஆகவே மலைத் தகைவிலான்" என்று எழுதிவிடுகிறார்கள். இங்கேதான் சறுக்கல். வால் ஊசியின் நீளம் பாலைப் பொறுத்தும் வயதைப் பொறுத்தும் மாறும். ஆணுக்குப் பெண்ணைவிட நீளம். டென்மார்க்கில் ஆந்தர்ஸ் பாப்பே மோலர் ஆண் பறவைகளின் வாலை வெட்டியும் ஒட்டியும் நீளத்தை மாற்றி, நீண்ட வாலுள்ள ஆண்களுக்கு விரைவில் இணை கிடைக்கிறது என்று 1988இல் காட்டிய ஆய்வு இந்த வேறுபாட்டால்தான் புகழ்பெற்றது. இளம் பறவைகளுக்கோ ஊசியே இராது. மேலும் இந்தப் பறவை இறகு உதிர்த்து மாற்றுவது குளிர்கால வாழிடத்தில், அதாவது நம் ஊரில். விடுமுறைக்காரர்கள் மலையேறும் டிசம்பர்-ஜனவரியில் ஊசி விழுந்து, புதியது முளைத்துக்கொண்டிருக்கும் நிலையில் பல பறவைகள் கம்பியில் இருக்கும். வாலை மட்டும் நம்புபவருக்கு ஆண்டிலேயே மோசமான பருவம் அது.

பட்டையிலும் ஒரு பொறி உண்டு. வலசைத் தகைவிலானின் கிழக்கு ஆசியத் துணையினம், இந்தியாவின் சில பகுதிகளுக்கும் இலங்கைக்கும் வருவது, குறுகிய பட்டை கொண்டது. சிவப்பு ஊடே புகுந்து பட்டை நடுவில் அறுந்திருப்பதும் உண்டு. இளம் பறவைகளின் பட்டை மங்கிய பழுப்பு. எதிர்வெயிலில் எடுத்த படத்தில் வெள்ளை வயிறும் சாம்பலாகத்தான் தெரியும். ஆக ஒரு குறியை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது. பட்டை இல்லை, வயிறு அழுக்குச் சாம்பல், வாலடியில் செதில், வால் குட்டை. நான்கில் மூன்றேனும் ஒத்துப்போனால் எழுதலாம்.

வெல்கம் ஸ்வாலோவோடு ஒப்பிட்டால்? அதற்கும் மார்புப் பட்டை கிடையாது, அதனால்தான் சிட்னிக்காரருக்கு ஊட்டிப் பறவை அறிமுகமானதாகத் தோன்றுகிறது. ஆனால் வெல்கம் ஸ்வாலோ சுமார் 15 செ.மீ., வால் நீண்டு ஆழப் பிளந்திருக்கும், வயிறும் இன்னும் வெளிறியது. படத்தில் குழப்பினாலும் நேரில் குழப்பாது, ஏனென்றால் இரண்டும் ஒரே நாட்டில் இல்லை.

மலையில் பறக்கும் மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். பாறைத் தகைவிலான் உடல் முழுதும் புகைப் பழுப்பு, வால் சதுரம், விரித்தால் வெண்புள்ளிகள், நெற்றியில் சிவப்பு இல்லை. பாறைச் சரிவுகளிலும் கோட்டைகளிலும் கோபுரங்களிலும் இருக்கும். 'மலையில் வாழும் சிறிய தகைவிலான்' என்ற வருணனைக்குப் பொருந்துவது இதுவும்தான் என்பதால், பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். செம்பிட்டத் தகைவிலானுக்குப் பிட்டம் செம்மஞ்சள், வயிற்றில் கோடுகள். இலங்கையில் அதன் உறவினம் வயிறு முழுதும் அடர்செம்மை. கம்பிவால் தகைவிலானுக்குச் செந்தொப்பி, தூய வெள்ளை வயிறு, நீர்நிலை ஓரம். உழவாரன்களும் மலை உழவாரக் குருவிகளும் கூட்டமாகப் பறந்தாலும் கம்பியில் அமரவே அமராது, அவற்றின் கால் அதற்கு ஏற்றதல்ல. கம்பியில் அமர்ந்தால் உழவாரன் என்ற பேச்சே இல்லை.

இனி உயரம். 'மலை' என்று பெயரிலேயே இருப்பதால், இத்தனை அடிக்கு மேலே பார்த்தால் இதுதான் என்று முடிவுகட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டில் நீலகிரி, பழனிமலை, வால்பாறைப் பக்கங்களில் தேயிலைத் தோட்டங்களும் புல்வெளிகளும் இதன் இடம் என்பது உண்மை. ஆனால் உயரம் இதை உறுதிசெய்யாது, ஏனென்றால் வலசைப் பறவை 2,200 மீட்டர் உயர ஊட்டிக்கும் வந்துவிடுகிறது. உயரக் குறைவும் இதை விலக்காது. இலங்கையில் இது தாழ்நிலத்திலும் காணப்படுகிறது. கூடு ஒட்ட ஒரு செங்குத்துப் பரப்பும், மேலே ஒரு மறைப்பும், அருகே பூச்சியும் இருந்தால் போதும். ஒரு காலத்தில் பாறை முகடு செய்த வேலையை இன்று டீ ஃபேக்டரித் தாழ்வாரமும் பங்களா உத்திரமும் செய்கின்றன.

உயரத்தைவிட நூறு மடங்கு பயனுள்ள சான்று மாதம். ஜூன் மாதத்தில் குன்னூரில் செந்தொண்டையும் அழுக்கு வயிறுமாக ஒரு தகைவிலான் கம்பியில் இருந்தால் அநேகமாக வேறு எதுவாகவும் இருக்க முடியாது. வலசைக் கூட்டம் அப்போது இமயத்திலும் அதற்கு வடக்கிலும் இருக்கும். அதே பறவை ஜனவரியில் இருந்தால் மேலே சொன்ன குறிகள் அத்தனையும் தேவை.

மாதத்தையும் மிஞ்சிய சான்று கூடு. மலைத் தகைவிலான் சேற்று உருண்டைகளை அலகால் கொண்டுவந்து, சுவரில் ஒட்டிய அரைக் கிண்ணமாகக் கட்டும். ஒவ்வோர் உருண்டையும் தனித்தனியாகத் தெரியும். நேற்றைய வரிசை காய்ந்து வெளிறியிருக்க, இன்றைய வரிசை ஈரத்தோடு கறுத்திருக்கும். எத்தனை வரிசை ஏறியது என்று கீழிருந்தே எண்ணிவிடலாம். உள்ளே இறகும் மென்மையான பொருளும் பரப்பி, இரண்டு முதல் நான்கு முட்டை இடும். செம்பிட்டத் தகைவிலான் கட்டுவது கழுத்து நீண்ட குடுவைக்கூடு, மேலே திறப்பு இருக்காது. வலசைத் தகைவிலான் தென்னிந்தியாவில் கூடு கட்டுவதே இல்லை. ஆகவே நீலகிரி வீட்டுத் தாழ்வாரத்தில் செந்தொண்டைப் பறவை அரைக் கிண்ணக் கூட்டில் உட்கார்ந்திருந்தால் விவாதம் முடிந்தது.

ஆஸ்திரேலிய மலைகளுக்கு இதையே பொருத்திப் பார்ப்போம். சிட்னிக்கு மேற்கே ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் கட்டூம்பாவிலும், மெல்பர்னுக்குக் கிழக்கே டாண்டனாங் மலையிலும் 'மலைக்கே உரிய' தகைவிலான் என்று ஒன்றில்லை. பார்ப்பது வெல்கம் ஸ்வாலோவாகவோ, இரண்டு மார்ட்டின்களில் ஒன்றாகவோ இருக்கும். ட்ரீ மார்ட்டினுக்குப் பிட்டம் அழுக்கு வெள்ளை, தலை கருநீலம், யூகலிப்டஸ் பொந்தில் கூடு. ஃபேரி மார்ட்டினுக்குத் தலை செம்பழுப்பு, பிட்டம் பளிச்சென்ற வெள்ளை, பாலத்தடியில் கூட்டமாகச் சேற்றுக் குப்பிகள். கோடையில் இடிமழைக்கு முன்னே மலைமுகட்டில் பெரிய பறவைகள் கூட்டமாகச் சீறிப் போனால் அவை தகைவிலானே அல்ல, சைபீரியா, ஜப்பான் பக்கமிருந்து வரும் வெண்தொண்டை ஊசிவால் உழவாரன்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கே போனால் மட்டும் ஊட்டிச் சிக்கல் அப்படியே திரும்புகிறது. வடக்குக் கரைக்கு அவ்வூர்க் கோடையில் வலசைத் தகைவிலான் வருகிறது. வெல்கம் ஸ்வாலோவிலிருந்து அதைப் பிரிக்க அங்கேயும் மார்புப் பட்டையைத்தான் தேடுகிறார்கள். இந்தப் பயிற்சி உள்ள ஆஸ்திரேலியத் தமிழர் ஊட்டியில் நல்ல சாட்சியாக இருக்க முடியும்.

'வரைபடத்தில் இல்லை, ஆகவே இருக்காது' என்ற வாதத்துக்கும் வெல்கம் ஸ்வாலோ ஒரு பதில் வைத்திருக்கிறது. நியூசிலாந்தில் அது எப்போதாவது வழிதவறி வரும் விருந்தாளியாகத்தான் இருந்தது. 1958இல் வடக்குத் தீவின் வடகோடியில் கூடு கட்டியது உறுதியானது. யாரும் கொண்டுபோய் விடாமலே சில பத்தாண்டுகளில் இரண்டு தீவுகளிலும் பரவிவிட்டது. கட்டடமும் பாலமும் பெருகும்போது தகைவிலான்களின் எல்லை நகர்கிறது. நூல்களில் உள்ள வரைபடங்கள் அச்சான நாளின் நிலவரம் மட்டுமே.

இத்தனைக்கும் பிறகு, ஜெர்டனின் பறவை தனி இனம்தானா? என் தீர்ப்பு ஆம். இதற்கும் பசிபிக் தகைவிலானின் மிக அருகிலுள்ள வாழிடமான அந்தமானுக்கும் நடுவே வங்கக் கடல் கிடக்கிறது. இடையில் இரண்டும் கலக்கும் பகுதி இல்லை, இதுவோ நீண்டதூரம் வலசை போகும் பறவையுமில்லை. ஆயினும் கம்பியைப் பார்த்து நிற்பவருக்கு இந்த விவாதம் இரண்டாம்பட்சம். பெயர் நாளை மாறலாம், முன்பு இரண்டு முறை மாறியிருக்கிறது. 'பட்டை இல்லை, வாலடியில் செதில், ஜனவரி, தாழ்வாரத்தில் அரைக் கிண்ணக் கூடு' என்று எழுதி வைத்த குறிப்பு எந்தப் பெயர் வந்தாலும் செல்லும். வெறும் பெயரை எழுதி வைத்தது செல்லாது.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டித் தமிழகமெங்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் முதல் ஓய்வுபெற்றவர்கள் வரை கலந்துகொள்ளும் அருமையான முயற்சி. ஆனால் ஜனவரி நடுவில் வருவதால், மலையூர்களில் இரு தகைவிலான்களும் சேர்ந்திருக்கும் நாட்களில்தான் எண்ணிக்கை நடக்கிறது. 50 பறவைகள் கம்பியில் இருந்தால் முதல் ஐந்தைப் பார்த்துவிட்டு மீதி 45க்கும் அதே பெயரை எழுதாதீர்கள். விடுமுறைக்கு வரும் சிட்னி, மெல்பர்ன் அன்பர்களுக்கும் இதே வேண்டுகோள். ஒவ்வொரு பறவையின் மார்பையும் பாருங்கள், முடிந்தால் வாலடியைப் படமெடுங்கள். பார்க்க முடியாதவற்றுக்கு இ-பேர்ட் பட்டியலில் 'இனம் தெரியாத தகைவிலான்' என்ற பதிவு இருக்கிறது, அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். மலையில் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள் வெள்ளையடிக்கும் முன் உத்திரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, கூடு இருந்தால் குஞ்சுகள் பறந்த பிறகு அடித்துக்கொள்ளுங்கள்.